கிழிந்த குடைக்கு ஆதாரம்

"பொய் ஆதாரம் காட்டறது திருட்டைவிட மோசம் மேடம். இந்தப் பொண்ணைக் காலேஜை விட்டே அனுப்பணும்!"

தமிழ்ப் பேராசிரியர், கவிதை பற்றிய கட்டுரை ஒன்றைக் கல்லூரி முதல்வரின் மேசைமேல் எறிந்தார். அதை எழுதிய மாணவி கதவோரம் நின்றாள்.

"கட்டுரை எப்படி சார்?"

"நல்லாத்தான் எழுதியிருக்கா. கவிதையில வர்ற கிழிஞ்ச குடை, விட்டுட்டுப் போன அப்பாவாம். இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு ஆதாரமா 'குடையின் குறியீட்டியல்'னு ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்கா. ஒரு நூலகம் விடாம தேடிட்டேன். அப்படியொரு புத்தகமும் இல்ல, எழுதினவரும் இல்ல, பதிப்பகமும் இல்ல!"

"நிச்சயமா?"

"அடிச்சுச் சொல்றேன் மேடம். நம்ம காதுலயே பூ சுத்தியிருக்கா. இப்படிப்பட்டவங்களுக்கெல்லாம் பட்டம் ஒரு கேடா?"

முதல்வர் அதையே புகாராக எழுதச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு மாணவியிடம் திரும்பினார்.

"ஏம்மா, இல்லாத புத்தகத்தை எங்கேருந்து பிடிச்சே?"

"நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்ல மேடம்," என்று மாணவி விசும்பினாள். "நம்ம நூலகத்துல சாரோட பழைய முனைவர் பட்ட ஆய்வேடு இருக்கு. அதுல அடிக்குறிப்பா போட்டிருந்தாங்க. சாரே காட்டின ஆதாரமாச்சேன்னு நம்பி எடுத்துப் போட்டேன்."

பேராசிரியரின் கை புகாரை நோக்கி நீண்டது. அதற்குள் முதல்வர் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பட்டம் ஒரு கேடான்னு நீங்க கேட்டது நியாயமான கேள்வி சார். பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிடறேன்."