இருபத்திரண்டு நகர்த்தல்

சதுரங்கத்தில் ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு இருபது நகர்த்தல்கள்தாம் உண்டு. சிப்பாய்களுக்குப் பதினாறு, குதிரைகளுக்கு நான்கு. தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஞானசுந்தரம் 1984இல் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் மட்டும் இருபத்திரண்டு என்றது. கூடுதல் இரண்டும் ராஜாவுடையவை. சிப்பாய்களைத் தாண்டிக் குதிரைபோல் பாய்கிற நகர்த்தல்கள்.

அவர் அப்படி எழுதவேயில்லை. நகர்த்தல் பட்டியலே பிழையென்றால், புரோகிராம் எவ்வளவு யோசித்தாலும் உருப்படாது. மூன்று முறை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். மூன்று முறையும் இருபத்திரண்டு.

லோரி ஓட்டிய பக்கிரிசாமிதான் அந்தப் பாய்ச்சலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். "ராஜா ஒரே ஒரு தடவ குதிர மாதிரி பாயலாம் லா, கிராணி. எங்கப்பா ஆடுன சட்டம்." பதினோரு வருஷம் ஒன்றாக ஆடியும் ஞானசுந்தரம் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் தை மாதம், புரோகிராம் எழுதத் தொடங்குமுன், பக்கிரிசாமி தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"போதும் விடுங்க லா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு," என்றாள் மனைவி டோரீன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, திருத்தத் தெம்பில்லாமல் அந்தப் புரோகிராமோடு அப்படியே ஆடினார். இன்னும் ஒரு நகர்த்தலில் அவருக்கு ஜெயம். புரோகிராமின் வெள்ளை ராஜா குதிரைபோல் பாய்ந்து தப்பியது.

"சரி, பாஞ்சுக்க," என்றார். அந்த ஆட்டத்தில் தோற்றார்.

எதையும் மாற்றாமல் புது ஆட்டம் தொடங்கி, நகர்த்தல்களை எண்ணச் சொன்னார். இருபது என்றது. சரியான எண்தான்.

ஞானசுந்தரம் மறுபடியும் எண்ணச் சொன்னார்.