தாகமில்லாமல் குடித்த தண்ணீர்

“அப்படி என்னதான் அத்தை இருக்கு அந்தப் போன்ல?”

“ரிட்டயர் ஆனவளுக்கும் ஆபீஸ் உண்டும்மா. போ, போய் உன் வேலையைப் பாரு.”

போன மாதம் மருமகள் கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில் அது. சொல்லிவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மறுபடியும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அறுபத்து மூன்று வயதில் அம்மாவுக்குப் போன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கணவன் கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு சரி.

போன் என்றாலே அவளுக்குப் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன், அவளுடைய அலுவலகப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டர் செய்து கொடுத்த துணியில்லாத உடம்பில் பொருத்தி, யாரோ ஒருவன் போனில் ஒரு குழுவில் போட்டிருந்தான். முன்பின் தெரியாத ஆண்கள் கூடிச் சிரிக்கும் குழு. தோழி சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு வாரத்தில் படம் தானாக மறைந்தது. பயம் மறையவில்லை. போட்டவன் எங்கோ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

போலீசுக்குப் போக வேண்டும். தனியாகப் போகக் கால் வரவில்லை. கணவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

“அத்தை...” என்று எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், “தண்ணி வேணுமா?” என்று முடித்துவிடுவாள்.

பாவம், தாகமில்லாமல் மாமியார் குடித்த தண்ணீருக்கு அளவே கிடையாது.

இன்று காலை மாமியாரின் தலையணை உறையை மாற்றும்போது ஒரு நோட்டு கீழே விழுந்தது.

ஆபீசில் முப்பது வருடம் பதிவேடு எழுதிய கை. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். தேதி, நேரம், குழுவின் பெயர், முடிவு.

‘யாரோ ஒரு டீச்சர். புகார் செய்தேன். நீக்கப்பட்டது.’

‘நர்ஸ் போலிருக்கிறது. மூன்று முறை புகார். நீக்கப்பட்டது.’

‘குழுவையே மூடிவிட்டார்கள். மறுநாள் வேறு பெயரில் திறந்திருக்கிறார்கள். நானும் வேறு பெயரில் சேர்ந்துவிட்டேன்.’

பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போனாள். முதல் பக்கத்தில் கை நின்றது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

‘என் போனுக்கே வந்தது. போலி. நம் வீட்டுப் பெண்ணின் முகம். புகார் செய்தேன். நீக்கப்பட்டது.’

அதற்குப் பக்கத்தில் மட்டும் ‘போலீஸ் புகார்’ என்று ஒரு தனிக் கட்டம், நிரப்பப்படாமல். உள்ளே பென்சிலில் சின்னதாக: ‘அவளே வாய் திறக்கட்டும்.’

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். உறையை மாட்டித் தலையணையைத் தட்டிப் போட்டாள். கூடத்துக்கு வந்தாள்.

“அத்தை...”

“என்னம்மா, தண்ணியா?” போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் மாமியார்.

“இல்ல அத்தை. போலீஸ் ஸ்டேஷனுக்கு என்கூட வர்றீங்களா?”