கொலைகாரன் பேரைச் சொல்லாதீங்க

"நாளைக்குக் கொலைகாரன் யாருன்னு சொல்லிடாதீங்க சார். சொன்னா எங்க வீட்ல ஒரு உயிர் போயிடும்."

தொலைபேசியில் ஒரு பெண்ணின் குரல். வானொலித் தயாரிப்பாளர் சிரித்துவிட்டார். பழைய மர்ம நாடகத்தை மறுஒலிபரப்பு செய்யத் தொடங்கியதிலிருந்து அவர் விதவிதமான நேயர்களைப் பார்த்தாயிற்று.

"யார் உயிரும்மா?"

"எங்கப்பாவோடது. முப்பது வருஷம் முன்னாடி கடைசிப் பாகத்தன்னிக்கு கரண்ட் போயிடுச்சாம். நாளன்னிக்கு அவருக்கு இதய ஆபரேஷன். 'கொலைகாரன் யாருன்னு தெரியாம சாகமாட்டேன்'னு டாக்டர்கிட்டயே சவால் விட்டிருக்கார். அந்தத் தெம்புலதான் நானும் கையெழுத்துப் போட்டேன்."

தயாரிப்பாளரின் சிரிப்பு நின்றது.

"தைரியமா இருங்கம்மா. கடைசிப் பாகம் இனி அடுத்த வாரம்தான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் தயாரிப்பாளரே ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரியவரின் கட்டிலருகே மகளும் அவரும் உட்கார, மூவரும் நாடகத்தைக் கேட்டார்கள். துப்பறிவாளர் கொலைகாரனின் பெயரைச் சொன்னதும் பெரியவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அடப்பாவி! டிரைவரா?"

மகள் சிரித்துக்கொண்டே மருந்து வாங்கக் கிளம்பினாள்.

"நீங்க எதிர்பார்க்கவே இல்லையா ஐயா?" என்றார் தயாரிப்பாளர்.

பெரியவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கரண்டெல்லாம் போகல தம்பி. அன்னிக்கே முழுசாக் கேட்டாச்சு, அப்புறம் கேசட்ல நாலு தடவை. அந்த டிரைவர் உளறி மாட்டுற இடம் இன்னும் எனக்கு அலுக்கல. ஆபரேஷன்னதும் பொண்ணு இடிஞ்சு போயிட்டா. பிடிச்சுக்க அவளுக்கு ஒரு கொழுகொம்பு வேணாமா?"