முந்திக்கொண்ட செய்தி

மனிதகுலம் இனி சாலையில் கேட்பாரற்றுச் சாகாது என்று போக்குவரத்துத் துறை மேளதாளம் இல்லாத குறையாக அறிவித்தது. பேருந்து கவிழ்ந்தால், அதிலுள்ள கருவி செயற்கைக்கோள் வழியாக அந்த நொடியே, உள்ளே கேட்கும் குரல்களோடு, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடுமாம்.

அந்த அறையில் வேலை பார்த்தவளின் புருஷன் மலைப்பாதைப் பேருந்துக்கு டிரைவர். ஒரு மத்தியானம் அவன் வண்டி வளைவில் கவிழ்ந்துவிட்டதாகத் திரை சிவந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவன் குரல் முனகியது: "முதல்ல குழந்தைங்கள இறக்குங்க. என்னை விடுங்க."

பதறிப்போய் அவன் செல்போனுக்கு அடித்தாள்.

"என்னடி? இன்னும் வண்டியே எடுக்கல. ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டிருக்கேன்."

"இன்னிக்கு எடுக்காதீங்க. என்மேல சத்தியம்."

"லீவு லெட்டர்ல பொண்டாட்டி சத்தியம்னு எழுதவா?" என்று சிரித்தவன், அவள் அழுவது கேட்டதும் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். பேருந்து நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அதிகாரி வந்து பதிவைக் கேட்டார். குரல் அவனுடையதேதான். பின்னால் குழந்தைகளின் அழுகை.

"பள்ளிக்கூடமே லீவு. குழந்தைங்க எங்கிருந்தும்மா வந்தாங்க?" என்றார் வெற்றிப் பெருமிதத்தோடு.

கவிழாத பேருந்தைக் கவிழ்ந்ததாகச் சொன்ன குற்றத்துக்காகக் கருவியைக் கழற்றிவிட்டார்கள். நாளைக்கும் வண்டி எடுக்க வேண்டாம் என்று அவள் புருஷனிடம் எவ்வளவோ கெஞ்சினாள். வயிற்றுவலியை ஒரு நாளைக்குமேல் எவனும் நம்பமாட்டான் என்றான் அவன்.

மறுநாள் பள்ளிக்கூடங்கள் திறந்தன.