நெஞ்சுத் தழும்பு

"நாலு வயசுலேயே இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க, டாக்டரம்மா. அப்புறம் கால்பந்து, பட்டாளம், கல்யாணம் எல்லாம் ஆச்சு. ஆபரேஷன் பண்ணினவர் பேர்ல வருஷா வருஷம் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறேன்!"

சட்டையைக் கழற்றியபடியே பெருமையடித்துக்கொண்டான் சில்வியு. நெஞ்சின் நடுவில் நீளமாகத் தழும்பு. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று, யாஷ் நகர ஆஸ்பத்திரிக்கு எக்கோ எடுக்க வந்திருந்தான். துணைக்கு அம்மா வெதூரியா.

டாக்டர் இலிங்கா கருவியை அவன் நெஞ்சில் நகர்த்தினாள். திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடி நகர்த்தினாள்.

"அடைச்சுட்டாங்கன்னு யார் சொன்னது?"

"அம்மாதான். ஏன்?"

"உள்ளே ஒட்டும் இல்ல, தையலும் இல்ல. ஓட்டை அப்படியே இருக்கு."

சில்வியு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "அப்போ இந்தத் தழும்பு?"

வெதூரியா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

"எண்பத்தி நாலுல தினம் கரண்ட் போகுமேடா. உன் நெஞ்சைத் திறந்து வெச்சிருந்தப்பவும் போயிடுச்சு. அவசரமா மூடிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"ஏம்மா கூட்டிட்டுப் போகல?"

"நீ பயப்படக் கூடாதுன்னு, சரியாயிடுச்சுடான்னு சொன்னேன். அதை நம்பி நீ தெருவுல ஓட ஆரம்பிச்சுட்டே. ஓடற புள்ளையை மறுபடி கத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலடா."