புகார்தாரர்

"அம்மா, கதவுக்கு அடியில பாருங்க" என்றாள் எப்சி. குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

வாசல் கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில் ஈரம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரும்புலியூரில் மூன்று நாளாக மழை. சாரல் தண்ணீர் என்றுதான் ஹில்டா நினைத்தாள், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும் வரை.

வெளியே நின்றவன் ஜாய்சன், எப்சியின் புருஷன். பதினோரு நாளைக்கு முன்பு, அவன் உடைத்த இடது கை மாவுக்கட்டில் தொங்க, மூன்று வயதுக் குழந்தையோடு அவள் கோவிலம்பாக்கம் வாடகை வீட்டை விட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தாள். வேறு போக்கிடம் இல்லை.

"நீங்க இதுல தலையிடாதீங்க. அவள வெளிய அனுப்புங்க, பேசிட்டுப் போயிடறேன்." சத்தம் போடாமல்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

"நான் போயிடறேன்மா. எல்லாரும் எதுக்குச் சாகணும்?"

"நீ எங்கயும் போகல. புள்ளையத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போ. ஷவரத் திறந்துவிட்டு அடியில நில்லு."

நாலு வருஷமாக, முகம் வீங்கி எப்சி வந்து நின்றபோதெல்லாம் ஹில்டா சொன்னது ஒன்றுதான். "ஜெபம் பண்ணு. பொறுத்துக்கோ. கர்த்தர் அவன மாத்துவார்." சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர், முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள். அவள் வார்த்தையை நம்பி எப்சி ஒவ்வொரு முறையும் திரும்பிப் போனாள். இப்போது அந்த மாவுக்கட்டைப் பார்க்கப் பார்க்க ஹில்டாவுக்குத் தன் நாக்கின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஹாலின் நடுவில் முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, உள்ள இருக்கற ரெண்டு உயிரையும் காப்பாத்தும். அவன் கையால ஒரு பாவம் நடக்க விடாதேயும்."

ஆமென் சொல்லவில்லை. அப்படியே எழுந்து போனை எடுத்து நூறை அழுத்தினாள். தெரு பெயர், வீட்டு நம்பர், பெட்ரோல் என்று வரிசையாகச் சொன்னாள்.

வாசலில் காலடி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில், கொல்லைப் பக்க ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கை உள்ளே நுழைந்தது. தேடாமல், தடுமாறாமல், நேரே பின்கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கே நேற்று ஹில்டா மாட்டிய புதுப் பூட்டு தொங்கியது. விரல்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போயின.

மறுபடியும் வாசல். தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. மழையில் ஊறிய பெட்டி பற்றவில்லை. நாலாவது குச்சியை அவன் எடுத்தபோது தெருமுனையில் ரோந்து வண்டியின் சைரன் கேட்டது.

ஜாய்சன் ஓடவில்லை. காலிக் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எதிர் வீட்டு பியூலா குடையோடு ஓடிவந்தாள். "கர்த்தர் பெரியவர்க்கா. நெருப்பு பத்தாம கையப் பிடிச்சிட்டார் பாருங்க."

ஹில்டா, தொப்பலாக நனைந்து வந்த எப்சியின் தோளில் துண்டைப் போர்த்தினாள். குழந்தையின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

எஸ்.ஐ. சத்யபிரியா பேப்பரும் பேனாவுமாக ஹாலில் உட்கார்ந்தார். "கொலை முயற்சி கேஸ்மா. சுலபத்துல வெளிய வர முடியாது. ஆனா நிறைய பேர் பொண்ணு வாழ்க்கை போயிடும்னு ரெண்டே நாள்ல வாபஸ் வாங்க வந்து நிக்கறாங்க. எதுக்கும் உங்க பொண்ணக் கேட்டுக்கங்க."

"அவளக் கேக்க வேணாம் மேடம். புகார் நான் குடுக்கறேன். எழுதுங்க."

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஜாய்சன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹில்டாவும் பார்வையைத் திருப்பவில்லை.

"புகார்தாரர் பேரு ஹில்டா. சரி. எதிரி உங்களுக்கு என்ன உறவு? மருமகன்தானே?" பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"மருமகன்னு போடாதீங்க" என்றாள் ஹில்டா.

"அவன் நான் பெத்த புள்ள மேடம்."