ஐந்தருவி ரோட்டு பேனர்

அனுசியா துப்பட்டாவால் வாயை மூடியபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“டாக்டர், யாரைக் கேட்டு என் படத்தை ஐந்தருவி ரோட்டுல பேனர் வச்சிய? மாப்பிள்ளை வீட்டுக்காரவ குளிக்கப் போன இடத்துல பாத்துட்டாவ. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்!”

பல் டாக்டர் கோமதிசங்கருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘சிகிச்சைக்கு முன்’, ‘சிகிச்சைக்குப் பின்’ என்று இரண்டு படங்கள். கம்ப்யூட்டரில் கிடந்ததை அவரே தேடி எடுத்துப் போட்டிருந்தார். ஒன்றில் கோணல் பல், மற்றதில் முத்துப் பல். சீசனுக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். நன்றிகெட்ட பிள்ளை!

“சும்மா கத்தாதம்மா. பழைய பல்லைப் பாத்துட்டாங்கன்னுதான வெக்கம்? அந்தக் கோணல் படத்தை எடுத்துருதேன். நல்லா இருக்கது என் கைவேலை, அது மட்டும் இருக்கட்டும். போதுமா?”

அனுசியா துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்தாள். பேனரில் ‘முன்’ என்று போட்டிருந்த அதே கோணல் பற்கள்.

“முன்பல்லுல ஒரு சின்ன இடைவெளியை அடைக்கணும்னு உங்ககிட்ட வந்தேம்லா, அன்னைக்கு எடுத்ததுதான் அந்த நல்ல படம். இந்தக் கோணல்தான் டாக்டர் உங்க கைவேலை!”